அந்த ஐந்து நிமிஷம்

வீட்டுப் புகை இரண்டு வகை. ஒன்று சமையலறையில் கிளம்புவது. காஸ் அடுப்பு வந்த பிறகு அந்தப் புகை அநேகமாகத் தொலைந்துவிட்டது. மற்றொன்று திண்ணையிலிருந்தும், கொல்லைப்புறத்திலிருந்தும், மொட்டை மாடியிலிருந்தும் கிளம்புவது. அதற்கு அடுப்பு வேண்டாம், விறகு வேண்டாம். ஒரு தீப்பெட்டியும் ஒரு சாக்குப்போக்கும் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் இந்த இரண்டாவது புகை 30 வருஷம் குடியிருந்தது. வாடகையை மட்டும் நாங்கள் கொடுத்து வந்தோம்.

போன மாதம் வடசேரி கனகமூலம் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என் கூடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, உங்க வீட்டு அண்ணாச்சி ஸிகரெட்டை விட்டுட்டாங்களாமே! நெசந்தானா? எங்க வீட்ல நாலு தடவை விட்டு, நாலு தடவையும் ஆரம்பிச்சாச்சு. நீங்க என்ன மருந்து வச்சிருக்கேள், எனக்கும் சொல்லுங்க!"

சந்தையில் நின்று சொல்லக்கூடிய கதையா அது? "எழுதுகிறேன், படித்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்காகவும், அவளைப் போல எத்தனையோ வீடுகளில் ஜன்னலைத் திறந்து திறந்து மூடுகிற சகோதரிகளுக்காகவும் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

மருந்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் தப்புகளைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இந்த 30 வருஷத்தில் நான் கையாளாத வித்தை கிடையாது. திட்டிப் பார்த்தேன். அழுது பார்த்தேன். பாக்கெட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். ஒரு தடவை அதில் தண்ணீரை ஊற்றிவிட்டு, "மழையிலே நனைஞ்சிருக்கும்" என்று பொய் சொன்னேன். வெளியே சித்திரை வெயில்! சுசீந்திரம் தாணுமாலயன் சன்னிதியில் வேண்டிக்கொண்டேன். மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். அவரும் செய்தார், பாவம். பன்னிரண்டு நாள் தாங்கியது.

பலன் என்ன தெரியுமா? அவர் குடிப்பது நிற்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால் குடிப்பதுதான் நின்றது. கொட்டுகிற மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, "தெருமுனை வரைக்கும் போயிட்டு வாறேன்" என்று கிளம்புவார். திரும்பி வரும்போது வாயில் ஏலக்காய் மணக்கும். ஏலக்காய் மணம் வந்தாலே எனக்குக் கோபம் வரும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. பாயசம் வைத்தால்கூட அந்த ஞாபகம்தான்.

ஒருநாள் கணக்குப் போட்டேன். தினம் 10 ஸிகரெட், வருஷம் 3,650, 30 வருஷத்துக்கு 1,09,500. இத்தனை தடவை ஒரு மனிதர் கையை வாய்க்குக் கொண்டுபோயிருக்கிறார். அந்தக் கையை, "இனிமேல் போகாதே" என்று ஒரு வார்த்தையில் நிறுத்திவிட முடியுமா? இந்தச் சாதாரணக் கணக்கு எனக்கு முதல் வருஷமே புரிந்திருந்தால் எவ்வளவோ சண்டை மிச்சமாகியிருக்கும்.

போன வருஷம் ஓணம் விடுமுறையில் மகள் வந்திருந்தாள். பேத்தியையும் கூட்டிக்கொண்டு எல்லோருமாகச் சிதறால் மலைக்குப் போனோம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், பாறையில் சமண தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்களே, அந்த மலைதான். பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை. கல் பாவிய நல்ல பாதை. ஆறு வயதுப் பேத்தி முயல்குட்டி மாதிரி ஓடுகிறாள். இவர் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது இடத்தில் குழந்தை திரும்பி வந்து, அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"தாத்தா, உங்களுக்கு மூச்சு தீர்ந்து போச்சா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது அவரே தட்டைப் பார்த்துக்கொண்டு, "இந்தச் சனியனை விட்டுத் தொலைக்கணும்" என்றார்.

என் மாமியாருக்கு அப்போது வயது 79. கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். "நானும் எத்தனை வருசமாச் சொல்லுகேன் மக்கா, கேட்டாத்தானே?" என்றார்கள். கன்னத்தில் அடக்கிய புகையிலையோடுதான் சொன்னார்கள்!

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்களும் புகையிலைதான் அம்மா போடுகியோ. நீங்க விடுங்க, நானும் விடுகேன்" என்றார்.

கூடத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அத்தை ஐம்பது வருஷத்துக்கு மேல் புகையிலை போட்டவர்கள். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள்: "சரி. என்னைக்குன்னு நாள் சொல்லு."

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். "புகைதானே கெடுதல்? வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை போட்டால் என்ன?" என்று நினைக்கிறவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் தாண்டி வந்து திருவிதாங்கூர் முழுக்க விற்ற காலம் ஒன்று உண்டு. நம் நாஞ்சில் நாடும் அன்று திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ல் அல்லவா நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்! திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரம் ஏறப் போன டாக்டர் ஸாமர்வெல் பிறகு பல வருஷம் சத்திர சிகிச்சை செய்தது அங்கேதான். அந்த ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பென்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-லேயே இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். 1933-ல் டாக்டர் ஆர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாயில் வரும் புற்றுநோயைப் பற்றி எழுதினார். ஆக, உலகத்துக்கே இந்த விஷயத்தை எடுத்துச் சொன்ன ஊர்களில் ஒன்று நம் ஊர். நாம்தான் கேட்டுக்கொள்ளவில்லை! புகையிலை மட்டும் அல்ல, பாக்கே புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, தாயையும் பிள்ளையையும் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் அத்தையின் வாயைத் திறந்து பார்த்தார். கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. எனக்குக் கை கால் ஓடவில்லை. சதை எடுத்துச் சோதித்தார்கள். நல்ல வேளை, பயப்படும்படி இல்லை. "ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள். புகையிலை, பாக்கு இரண்டும் இனி கூடாது" என்றார்.

பிறகு இவரிடம் பேசினார். அந்த டாக்டர் ஒரு திட்டுக்கூடத் திட்டவில்லை, எனக்கே ஆச்சரியம்!

"ஸிகரெட்டில் நிகோடின் என்று ஒன்று இருக்கிறது. இழுத்த சுமார் 10 விநாடியில் அது மூளைக்குப் போய்ச் சேரும். அங்கே ஒரு சுகம் காட்டும். சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதி குறைந்துவிடும். உடனே மூளை, 'இன்னொன்று கொண்டா' என்று கேட்கும். நீங்கள் கெட்டவர் என்று அர்த்தமில்லை. மூளைக்குப் பழக்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். முதல் 3 நாள் ரொம்பக் கஷ்டம். கோபம் வரும், தூக்கம் வராது, பசிக்கும், மலச்சிக்கல் வரும், இருமல்கூடக் கொஞ்சம் கூடலாம். இரண்டு முதல் நாலு வாரத்தில் அநேகமாக அடங்கும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வையுங்கள். ஆசை வரும்போது நாள் முழுக்க நீடிக்கும் போலத் தோன்றும். வாஸ்தவத்தில் ஒவ்வொரு தடவையும் 3 நிமிஷம், 5 நிமிஷம்தான். அதைத் தாண்டிவிட்டால் அதுவே போய்விடும்."

ஐந்து நிமிஷம்! ஒரு சட்டி ரசம் கொதிக்கிற நேரம். 30 வருஷப் பழக்கத்தை ஒரேயடியாக ஒழிப்பது என்றால் மலைப்பாக இருக்கிறது. ஐந்து நிமிஷம் பொறுப்பது என்றால், செய்யலாம் போல இருக்கிறதல்லவா? எங்கள் வீட்டில் பிடித்துக்கொண்டது அந்தக் கயிற்றைத்தான்.

ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. நாகராஜா கோயிலில் பால் ஊற்றக் கூட்டம் நெரியும் நாள். அன்று காலை வீட்டிலிருந்த ஸிகரெட், தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம், அத்தையின் புகையிலைப் பொட்டலம் எல்லாம் குப்பைக்குப் போயின. செல்லத்தை மட்டும் அத்தை விடவில்லை. "அது எங்க அம்மை தந்தது" என்றார்கள். சரி, கிடக்கட்டும் என்று அதில் பெருஞ்சீரகமும் ஏலக்காயும் சின்னச் சின்னத் தேங்காய்த் துண்டும் போட்டு வைத்தோம்.

பிறகு, ஆசை எந்தெந்த நேரத்தில் வருகிறது என்று மூவரும் உட்கார்ந்து எழுதினோம். இதுதான் முக்கியமான காரியம். ஆசை கண்ட நேரத்தில் வருவதில்லை. வழக்கமான நேரத்தில், வழக்கமான இடத்துக்கு வரும்.

முதலாவது, காலைக் காப்பி. திண்ணை, பேப்பர், காப்பி, ஸிகரெட் என்று நான்கும் ஒரே குடும்பம். ஒன்றைப் பிரித்தால் மற்ற மூன்றும் அழும். ஆகவே திண்ணையையே மாற்றினோம். பேப்பரும் காப்பியும் சமையலறைப் பக்கத்துப் பெஞ்சுக்கு வந்தன. இதில் ஒரு ரகசியம் உண்டு. ஸிகரெட்டை நிறுத்தியவர்களுக்குக் காப்பியின் வேகம் உடம்பில் முன்னைவிட அதிக நேரம் தங்கும். வழக்கமான அளவு குடித்தாலே படபடப்பும் தூக்கமின்மையும் வரலாம். 'ஸிகரெட்டை விட்டதால்தான் இப்படி' என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆகவே நாலு டம்ளரை இரண்டாகக் குறைத்து, சாயங்காலம் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி கொடுத்தேன்.

இரண்டாவது, சாப்பிட்டு எழுந்த உடனே. கை கழுவியதும் அவர் கால் தானாகவே கொல்லைக்குப் போகும். அங்கே போவதற்குள் ஒரு கிராம்பை நீட்டுவேன். நம் மாறாமலைக் கிராம்புக்கு என்ன குறை? கன்னியாகுமரிக் கிராம்பு என்று 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. ஒன்றை வாயில் அடக்கினால் நாக்கு சுறுசுறுவென்று இருக்கும். ஐந்து நிமிஷம் ஓடிவிடும். உடனே பல் தேய்ப்பதும் நல்லது. மட்டிப் பழம் ஒன்று தின்னக் கொடுப்பதும் உண்டு.

மூன்றாவது, சும்மா இருக்கிற கை. வாய் மட்டும் அல்ல, கையும் ஸிகரெட்டுக்கு அழும். "அத்தான், இந்தப் புளியிலே கொட்டை எடுத்துத் தாருங்களேன்" என்பேன். எடுப்பார். முருங்கைக்கீரை ஆய்வார். பட்டாணி உரிப்பார். அந்த மாதம் எங்கள் வீட்டுப் புளியில் ஒரு கொட்டை கிடையாது. அக்கம்பக்கத்து வீட்டுப் புளியெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது!

நான்காவது, சிநேகிதர்கள். "ஒண்ணே ஒண்ணு ஓய், என்ன ஆயிரப் போகுது?" என்று நீட்டுவார்கள். "விடப் பாக்கேன்" என்று சொன்னால் விடமாட்டார்கள். "விட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். வார்த்தையில் உள்ள பலமே தனி.

இந்த நாலுக்கும் பொதுவாக ஒன்று: ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடிப்பது, பத்துத் தடவை மூச்சை நன்றாக இழுத்து விடுவது, எழுந்து இடத்தை மாற்றுவது. கேட்க எளிது. அந்த நிமிஷத்தில் செய்வதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

சுவர்க் காலண்டரில் தினம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தாயும் பிள்ளையும் பென்ஸிலால் ஆளுக்கொரு கோடு போட்டார்கள். அத்தை போட்ட பிறகுதான் இவர் போடுவார். 57 வயதுப் பிள்ளைக்கும் 79 வயதுத் தாய்க்கும் போட்டி!

எல்லாம் சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். மூன்றாம் நாள் மத்தியானம், அவியலில் உப்பு கூடிவிட்டது என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார். உப்பு கூடவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்படி எரிஞ்சு விழுகதுக்குப் பேசாம அந்த ஸிகரெட்டையே குடிச்சுத் தொலையுங்க!" என்று சொல்லிவிட்டேன்.

சகோதரிகளே, இதே வார்த்தையை உங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்? முப்பது வருஷம் எதற்காக அழுதேனோ, அதை ஒரே வாக்கியத்தில் நானே கெடுக்கப் பார்த்தேன். அத்தைதான் என் கையைப் பிடித்து உட்கார்த்தினார்கள். அவர்களுக்கும் அன்று தலைவலி. கை செல்லத்தைத் தேடித் தேடித் தவித்துக்கொண்டிருந்தது.

"பேசினது அவன் இல்ல மக்கா. உள்ள கிடக்க அந்தப் பீடை போக மனசில்லாமப் பேசுது. எனக்கும் அதேதான். நான் வாயைத் திறக்கலைன்னா உன் மேல கோவம் இல்லைன்னு நெனைச்சியா?"

அழுகையும் சிரிப்புமாக வந்தது எனக்கு.

பத்தொன்பதாம் நாள்தான் உண்மையான பரீட்சை. பூதப்பாண்டியில் உறவுக்காரர் வீட்டில் பதினாறு அடியந்திரம். இவர் மட்டும் போய்விட்டு வந்தார். மறுநாள் காலை சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு தீப்பெட்டி. அதன் கூடவே நாலைந்து புகையிலைத் துணுக்கு.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நாக்கின் நுனியில் முப்பது வருஷத்து வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. அப்போதுதான் ஒன்று தோன்றியது. எனக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது, திட்டுகிற பழக்கம். அதுவும் அவருடைய பழக்கத்துக்கு ஒரு நாள் இளையது இல்லை. அதுவும் இப்படித்தான், 'இப்போதே வேண்டும்' என்று குதிக்கிறது. அவரை ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொல்கிறேனே, நான் பொறுத்தேனா?

கிணற்றடிக்குப் போனேன். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன். நம்புங்கள், அது மிக நீளமான ஐந்து நிமிஷம். அவர் தினமும் எத்தனை தடவை இதைத் தாண்டுகிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே வந்து, தீப்பெட்டியைக் குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்தேன். "விளக்கு ஏத்தத் தீப்பெட்டி இல்லாம இருந்துது. நல்ல வேளை" என்றேன், வேறொன்றும் சொல்லாமல்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு தானாகவே சொன்னார். "ரெண்டு குடிச்சேன். அங்க எல்லாரும் முத்தத்துல நின்னு குடிச்சாங்க. கை நீண்டு போச்சு. போச்சு, இனி என்ன? பதினெட்டு நாளும் பாழ்."

முப்பது வருஷத்தில் அவர் குடித்ததை அவரே என்னிடம் வந்து சொன்னது அதுதான் முதல் தடவை. ஒளிக்கிறவருக்கு உதவி செய்ய யாராலும் முடியாது. சொல்லுகிறவருக்குத்தான் முடியும். நான் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கதவு மறுபடியும் சாத்தியிருக்கும்.

அத்தை காலண்டரைப் பார்த்தார்கள். "பதினெட்டுக் கோடும் அங்கதானே மக்கா இருக்கு? யாரு அழிச்சா? நேத்தைக்கு ஒரு பூஜ்யம் போடு. இன்னைக்குச் சாயங்காலம் கோடு போடு" என்றார்கள். "வழுக்கினவன் எழும்பி நடக்கணும். அங்கேயே பாய் விரிச்சுப் படுக்கப்பிடாது."

டாக்டரும் பிறகு இதையே சொன்னார். விட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே முயற்சியில் விட்டவர்கள் அல்ல. பல தடவை முயன்று, ஒவ்வொரு தடவையும் எங்கே கால் வழுக்கியது என்று கற்றுக்கொண்டவர்கள்தான். இவருக்கு வழுக்கிய இடம், நாலு பேர் கூடி நிற்கும் விசேஷ வீட்டு முற்றம். அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் நாங்கள் இருவருமாகப் போகிறோம். அவர் பையில் கிராம்பு போகிறது.

சந்தையில் கேட்டாளே, அந்த மருந்துக்கு இப்போது வருகிறேன். மருந்துக் கடையில் நிகோடின் உள்ள சூயிங் கம் கிடைக்கிறது. டாக்டரிடம் கேட்டு அளவாக உபயோகிக்க வேண்டும். மிட்டாய் மாதிரி மென்று விழுங்கக் கூடாது. சுருக்கென்று காரம் தெரியும் வரை மெல்ல மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கி வைக்க வேண்டும். சூடு குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். காப்பி குடித்த கையோடு போட்டால் சரியாக வேலை செய்யாது. கால் மணி நேரம் போக வேண்டும். மாத்திரைகளும் உண்டு, அவை டாக்டர் சீட்டு இல்லாமல் கூடவே கூடாது. இருதய நோய்க்காரர்களும் கர்ப்பிணிகளும் எதையும் கேட்காமல் தொடக் கூடாது.

பேச்சுத் துணை வேண்டுமானால் மத்திய சர்க்கார் 2016-ல் தொடங்கிய இலவச டெலிபோன் உதவி இருக்கிறது. எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். ஸிகரெட் பாக்கெட்டிலேயே அந்த எண் அச்சாகியிருக்கிறது. வாங்குகிறவர்கள்தான் அதைப் படிப்பதில்லை! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை அடையாற்றில் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரியில், புகையிலையை விட உதவுவதற்கென்றே 2002 முதல் ஒரு பிரிவு வேலை செய்து வருகிறது.

"ஸிகரெட்டை விட்டுப் பீடிக்கு மாறினால் தேவலையா?" என்று ஒருத்தி கேட்டாள். தேவலை இல்லை. பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும்; விஷப் புகை குறைவாக அல்ல, கூடுதலாகவே உள்ளே போகும். மின்சார ஸிகரெட் நம் நாட்டில் 2019 முதல் தடை செய்யப்பட்டது. அந்தப் பக்கமும் போக வேண்டாம்.

"இந்த வயதில் விட்டு என்ன பிரயோஜனம்?" என்பது இவருடைய கடைசி ஆயுதம். இதற்கும் பதில் இருக்கிறது. கடைசி ஸிகரெட்டிலிருந்து 20 நிமிஷத்தில் நாடித் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. 12 மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு விஷ வாயு சாதாரண அளவுக்கு வந்துவிடுகிறது. சில மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஒரு வருஷத்தில், புகைப்பதால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் பாதியாகிறது. இங்கிலாந்தில் 1951 முதல் 50 வருஷம் ஆயிரக்கணக்கான டாக்டர்களையே கவனித்து வந்தார்கள். 30 வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 10 வருஷ ஆயுள் மிச்சம். 40-ல் விட்டால் 9. 50-ல் விட்டால் 6. 60-ல் விட்டால்கூட 3 வருஷம்.

இவர் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "அப்போ எனக்கு நாலு வருஷம் வருமோ?" என்றார்.

"பேத்தி இப்ப ஒண்ணாம் வகுப்பு. நாலு வருஷம்னா அஞ்சாம் வகுப்பு. கொஞ்சமா?" என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொது இடத்தில் புகை கூடாது என்று 1999-ல் கேரள ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் அது சட்டம். பஸ்ஸிலும் ஆபீஸிலும் நாம் பிழைத்தோம். ஆனால், 2016-17-ல் எடுத்த கணக்குப்படி நம் தேசத்துப் பெரியவர்களில் 100-க்கு 38 பேருக்கு மேல் வீட்டுக்குள்ளேயே பிறர் விடும் புகையைச் சுவாசித்தார்கள். குழந்தைகளுக்கு இளைப்பும் காதுவலியும் வர இந்தப் புகையும் ஒரு காரணம். வீட்டுக்குள் வந்து எந்தப் போலீஸ்காரர் அபராதம் போடுவார்? 'குடிக்கிறவர் குடித்தாலும் வாசலுக்கு வெளியேதான்' என்ற சட்டத்தை நாம்தான் போட வேண்டும். அதைச் சண்டையாக அல்லாமல், குழந்தையைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "இது பெரிய சாதனையா?" என்று கேட்காதீர்கள், அவர்களுக்கு அது பெரிய சாதனைதான். சட்டையை முகர்ந்து பார்த்து உளவு பார்க்காதீர்கள். "இன்னைக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துதா?" என்று கேளுங்கள். வழுக்கினால், "எங்கே வழுக்கிற்று?" என்று கேளுங்கள், "மறுபடியுமா?" என்று கேட்காதீர்கள். ஸிகரெட்டுக்குப் போன பணத்தை ஓர் உண்டியலில் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு உண்டியல் பேத்திக்கு ஒரு சைக்கிளாக மாறியது.

இன்று காலண்டரில் 240 நாள் ஆகிறது. அதில் இவருடைய பூஜ்யம் இரண்டு. அத்தையுடைய பூஜ்யம் ஐந்து. பாக்கை விடுவது அவர்களுக்குப் புகையிலையை விடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வெள்ளைத் திட்டு கூடவில்லை என்று டாக்டர் சொல்கிறார். ஆனாலும் தவணை தவறாமல் போய் வருகிறோம். ஆசை முழுக்கப் போய்விட்டதா? இல்லை. தெருமுனைக் கடையைத் தாண்டும்போது இவர் தலை இன்னும் ஒரு விரற்கடை திரும்பும். நான் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு, பேச்சை மாற்றுவேன்.

விஷுவுக்கு மறுநாள் மறுபடியும் சிதறால் மலைக்குப் போனோம். இந்தத் தடவை ஒரே இடத்தில்தான் உட்கார்ந்தார். அதுவும் பேத்தி, "எனக்குக் கால் வலிக்கு தாத்தா" என்று உட்கார்ந்ததால்!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சந்தையில் பார்த்த அந்தப் பெண்தான். "அக்கா, எங்க வீட்ல திங்கட்கிழமையிலேருந்து அஞ்சாவது தடவையா ஆரம்பிக்கப் போறாங்களாம். நிக்குமா?" என்று கேட்டாள்.

"அஞ்சாவது தடவைன்னா நாலு தடவை பாடம் படிச்சவங்கன்னு அர்த்தம்" என்று சொல்லி, ஒரு பொட்டலம் கிராம்பும் ஒரு பென்ஸிலும் கொடுத்து அனுப்பினேன்.